எல்லாருக்கும் ஒரே புல்

அந்த விளையாட்டைப் பற்றிக் கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் துப்பாக்கியைப் பற்றி எழுதவில்லை, புல்லைப் பற்றி எழுதியிருந்தார்கள். காற்றில் அது எப்படிச் சாய்ந்து எழுகிறது, மழைக்குப் பிறகு எப்படிப் பளபளக்கிறது, குப்புறப் படுத்தால் ஒவ்வொரு புல் தாளிலும் நரம்பு தெரிகிறது என்று பக்கம் பக்கமாக. ஒரு ஆள், "நான் யாரையும் சுடவில்லை, அரை மணி நேரம் புல்வெளியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்று எழுதியிருந்தார். அதற்கு எக்கச்சக்கமான 'லைக்' கட்டைவிரல்கள்.

என் கணினியில் அந்தப் புல் கிடையாது.

துப்பாக்கியைக் கையில் பிடித்து நம் கண்ணாலேயே பார்ப்பதுபோல் ஆடும் சண்டை விளையாட்டு அது. பார்க்க நிஜம்போல இருக்கும். அப்படி இருக்க வேண்டுமென்றால் பெட்டிக்குள் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். திரைக்குப் படம் வரைந்து தள்ளுவது அதன் வேலை. என்னிடம் இருந்தது யாரோ கழித்துவிட்ட கார்டு. எல்லா செட்டிங்ஸையும் அடிமட்டத்தில் வைத்தால் நொடிக்கு முப்பது படம் வரைந்து கொடுக்கும். அதற்கே மூச்சு வாங்கும். நிழல் வராது, தண்ணீரில் வானம் தெரியாது, பத்தடிக்கு அப்பால் புல் முளைக்காது. காசுள்ளவன் திரையில் இடுப்புயரப் புல்வெளியாக இருக்கும் இடம் என் திரையில் சித்திரை மாதத்துப் பொட்டல்.

அந்தப் பொட்டலில்தான் நான் ராஜாவாக இருந்தேன்.

எதிரணிக்காரன் புல்லுக்குள் படுத்துக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பான். என் திரையில் அவன் கட்டாந்தரையில் கை கால் பரப்பிக் கிடப்பான், மத்தியானம் பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் தூங்குகிறவரைப்போல. என்னால் வேகமாகத் திரும்பவும் முடியாது, குறி வைத்து அடிக்கவும் முடியாது. முப்பது படத்தில் அதெல்லாம் நடக்காது. ஆனால் யார் எங்கே கிடக்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருத்தன் கறம்பக்குடியில் எங்கள் தெருவிலேயே பிறந்து, பத்தாவது வரை என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, இப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவன். இன்னொருத்தன் புதுக்கோட்டை காலேஜில் என்னோடு படித்த ஆவூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறிச்சோறு தின்று, ஏப்பம் விட்டபடி ஹெட்செட்டை மாட்டுவான். அதுதான் எங்களுக்கு மணி. நான் கறம்பக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறேன் என்பதால் அவனுக்கு நான் வாத்தியார்.

விளையாட்டில் இருக்கும் ஊருக்கு அவர்கள் வைத்த பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். பாறைக்குன்று குடுமியான்மலை. கல்லால் கூரை போட்ட பெரிய இடிந்த மண்டபம் ஆவுடையார்கோவில். கடைகள் வரிசையாக இருக்கும் தெரு சந்தை. சண்டை சூடாகும்போது யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சொன்னதும் கண் அங்கே போக வேண்டும். போகும்.

"குடுமியான்மல அடிவாரத்துல ஒருத்தன் படுத்துருக்கான் மாப்ள, எடது பக்கம்."

"எங்கடா? அங்கிட்டு வெறும் புல்லுதான் இருக்கு."

"புல்லா? பல்லி மாதிரி தரையோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கான்டா. தெரியலையா ஒனக்கு? சுடு!"

பெங்களூர்க்காரன் நம்பாமல் சுட்டான். புல்லுக்குள்ளிருந்து அலறல் வந்தது.

"ஆத்தாடி!" என்றான்.

"வாத்தியாருக்கு ஞானக்கண்ணுடா" என்று ஆவூர்க்காரன் சிரித்தான். "நம்ம காசு குடுத்துக் கண்ண மறைச்சுக்கிட்டோம்."

அந்த ஆட்டத்தின் என் திரைப் பதிவை நான்தான் பெங்களூர்க்காரனுக்கு அனுப்பினேன். கெக்கேபிக்கே என்று சிரிக்கும் பொம்மைகள் பத்து போட்டு, "பாருடா, எப்புடிக் கெடக்கான்னு" என்று. பெருமை. வேறென்ன?

மெல்ல மெல்லக் கருத்துப் பக்கத்தில் காற்று மாறியது. புல்லைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களெல்லாம், புல்லுக்குள் படுத்தும் செத்துப்போகிறோமே, எப்படி என்று கேட்க ஆரம்பித்தார்கள். யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஓட்டைக் கணினிக்காரர்களுக்குப் புல் தெரிவதில்லை. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ஏமாற்று. திருட்டு. இவர்களையெல்லாம் விளையாட்டிலிருந்து விரட்ட வேண்டும். ஒருவர், "இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய என் கார்டு எனக்கே எதிரி ஆகிவிட்டது" என்று ஒப்பாரி வைத்திருந்தார்.

நான் சும்மா இருப்பேனா? மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் பதில் எழுதினேன். "உங்கள் திரையில் நொடிக்கு நூற்றைம்பது படம் ஓடுகிறது. எனக்கு முப்பது. நீங்கள் என்னைப் பார்த்து, சுட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போன பிறகுதான் நீங்கள் வந்ததே என் திரைக்குத் தெரியும். அதை ஏன் நீங்கள் ஏமாற்று என்று சொல்வதில்லை?"

ஒருவர் பதில் போட்டார்: "அது நான் உழைத்து வாங்கியது."

அதைப் படித்தபோது எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. நான் என்ன, இங்கே விசிறி வீசிக்கொண்டு படுத்திருக்கிறேனா? காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஏழு வரை நின்றபடி கத்துகிற தொண்டை என்னுடையது. இவர்கள் உழைத்தால் அது கார்டாகிறது. நான் உழைத்தால் அது வீட்டுச் செலவாகிறது. இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

இன்னொருவர் ஒரே வரி எழுதினார்: "முடியவில்லை என்றால் சீட்டு ஆடு." அதற்கும் கட்டைவிரல்கள்.

கடைசியில் விளையாட்டுக் கம்பெனி அவர்கள் பேச்சைத்தான் கேட்டது. ஒரு அப்டேட் வந்தது. கூடவே ஒரு அறிவிப்பு. விளையாடுகிறவர்களின் கருத்துகளுக்கு மதிப்பளித்து, எல்லோருக்கும் சமமான களம் அமைக்கப்படுகிறதாம். இனி எந்தக் கணினியாக இருந்தாலும், எந்த செட்டிங்ஸ் வைத்தாலும், எல்லாத் திரையிலும் புல் முளைக்கும்.

சமம்! இத்தனை மாதமாக நூற்றைம்பதும் முப்பதும் ஒரே களத்தில் மோதியபோது அந்தச் சொல் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. இல்லாதவன் கையில் ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் சமத்துவம் ஞாபகம் வந்துவிட்டது.

என் பெட்டியிலும் புல் முளைத்தது. அட்டையில் வெட்டி நட்டதுபோல, ஆடாத புல். அதை வரைந்து வரைந்து கார்டு களைத்தது. முப்பது பதினாலானது. ஓடுகிற ஆள் ஓடவில்லை, இங்கே மறைந்து அங்கே தோன்றினான். ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் இருந்தது. படத்தின் அளவைக் குறைத்தேன். எதிரி, மரம், கழுதை எல்லாம் ஒரே மாதிரிக் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். "கத்திரி வெயில்ல பெத்தவ வேத்து ஊத்துறேன். நீ பொட்டிக்குக் காத்து வாங்கிக் குடுக்குறியா?"

"ஒரு மணி நேரந்தாம்மா."

"அது என்ன, ஒனக்குச் சம்பாதிச்சுப் போடுதா? கையெடுத்துக் கும்புட்டுக்க."

ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முதல் சண்டையில் நான்கு தடவை செத்தேன். இரண்டாவதில் ஐந்து. யார் எங்கே கிடக்கிறான் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லையே.

ஆட்டம் முடிந்ததும் பெங்களூர்க்காரன் தொண்டையைச் செருமினான். தமிழ் ஆட்டக்காரர்கள் இணையத்தில் நடத்தும் ஒரு சின்னப் போட்டிக்கு மூவரும் பெயர் கொடுத்திருந்தோம். அதற்கு இரண்டு வாரம் இருந்தது.

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. போட்டிக்கு மட்டும் நீ ரெஸ்ட் எடேன். என் ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான், நல்லா ஆடுவான்."

"ரெஸ்ட்டா? எனக்கு என்ன டைபாய்டா?"

"ஒன் மெஷின் இழுக்க மாட்டேங்குதுடா. நான் என்ன பண்ண?"

ஆவூர்க்காரன் வீட்டு நாய் குரைப்பது மைக்கில் கேட்டது.

என் இடம் போனது அப்படித்தான். அதோடு முடிந்திருந்தால் கார்டைத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

மறுநாள் சென்டரில் சாப்பாட்டு நேரம். வகுப்பு காலி. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த அப்டேட்டுக்கு வழி செய்த புண்ணியவான்கள் யார் என்று கருத்துப் பக்கத்தில் தேடினேன். அதிகம் பேர் ஆமோதித்த கருத்து மேலே நின்றது. ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இதுதான்: "என் அணியிலேயே ஒருவன் இருக்கிறான். பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை. அவன் கணினி குப்பை, அதில் புல் வராது. ஆனால் எல்லோருக்கும் முன்னால் எதிரியைப் பார்ப்பவன் அவன்தான். கீழே இரண்டு வீடியோ. ஒன்று என் திரை, இன்னொன்று அதே நொடியில் அவன் திரை. இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்."

எழுதியவன் பெயர் என்னவோ எண்ணும் எழுத்துமாக இருந்தது. வீடியோவை அழுத்தினேன். வகுப்பு ஸ்பீக்கர் முழு சத்தத்தில் இருந்ததை மறந்துவிட்டேன். காலி நாற்காலிகளுக்கு நடுவில் என் குரல் எழுந்தது.

"குடுமியான்மல அடிவாரத்துல ஒருத்தன் படுத்துருக்கான் மாப்ள."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் ஆட்டக்காரன் அந்தக் குன்றைக் குடுமியான்மலை என்பான்? கீழே கருத்துகள் நீண்டுகொண்டே போயின. என் குரலைக் கேலி செய்தவர்கள், என் திரையைப் பார்த்து "இது என்ன, முப்பது வருசத்துக்கு முந்தின விளையாட்டா?" என்றவர்கள். ஒருவர் என் அணிக்காரனுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்: "இப்படிப்பட்டவனோடு ஆட வேண்டியிருக்கிறதே, பாவம் நீங்கள்."

அப்போதே போன் போட்டேன். பெங்களூர்க்காரன் ஆபீஸ் கேண்டீனில் இருந்தான். தட்டுச் சத்தம் கேட்டது.

"குப்பையா?" என்றேன்.

"என்னது?"

"என் பொட்டி. குப்பையா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஒன் பேரு போடலையே" என்றான்.

"குரலப் போட்டுருக்கியேடா! நான் ஒனக்குச் சிரிக்க அனுப்புனா, நீ ஊரக் கூட்டிப் பஞ்சாயத்து வச்சிருக்க."

"பொய் எழுதுனனா? சொல்லு. ஒனக்குப் புல்லு தெரியல, எனக்குத் தெரியுது. எதிர்ல இருக்கவனுக்கும் தெரியுது. அது நியாயமா? நான் ஒருநாளு புல்லுக்குள்ள படுத்து, ஒன்னைய மாதிரி எவனோ ஒருத்தன் என்னைய அடிச்சுப்புட்டான். அன்னிக்கு வந்த கடுப்புல எழுதிட்டேன்."

"அப்ப நம்ம டீமுக்கு நான் சொன்னப்ப மட்டும் இனிச்சுச்சா?"

"அது வேறடா."

"எது வேற? 'பெரிய ஆட்டக்காரன் ஒன்னும் இல்ல'ங்குறது எதுல சேத்தி?"

அந்த வரிதான் என்னைச் சுட்டது. குப்பை என்றால் பெட்டியைச் சொல்கிறான். இது என்னை.

"அத அழிச்சிரு" என்றேன்.

"அப்டேட்டே வந்துருச்சு. இனி அழிச்சு என்ன ஆகப்போவுது?"

"அழிச்சிரு."

"மாப்ள, அது ஒன்னுதான்டா நான் எழுதி இம்புட்டுப் பேரு படிச்சது."

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சரியான வசவுகள் எல்லாம் வரிசை கட்டி வந்தன.

போட்டிக்கு முந்தின நாள் ஆவூர்க்காரன் பேசினான். எல்லாம் அவன் காதுக்குப் போயிருந்தது.

"வாத்தியாரே, காலையில மொத பஸ்ஸு புடிச்சு வா. என் மெஷின்ல என் எடத்துல நீ ஆடு. போட்டி நடத்துறவங்ககிட்ட ஆள் மாத்தச் சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னத்தச் சொல்லுவான்? 'புல்லு இருக்குமே'ன்னான். இருந்தா என்ன, மேயவா போறோம்னேன்."

புதுக்கோட்டையில் பஸ் மாறி ஆவூர் போய்ச் சேர்ந்தபோது அவன் பூசையிலிருந்து திரும்பியிருந்தான். சாப்பிடச் சொன்னான். ஆட்டம் முடியட்டும் என்றேன். பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை என்ற அந்த ஒரு வரியை எல்லோர் கண் முன்னாலும் பொய்யாக்கிவிட வேண்டும். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கணினி நடுத்தரமானது, ஆனால் ஓடும். ஆட்டம் திறந்தது. முதல்முறையாக அந்தப் புல்லைப் பார்த்தேன்.

அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதற்காகவும் எரிச்சலாக இருக்கிறது. குன்றின் சரிவு முழுக்க அலை அலையாக அசைந்தது. நான் ஒரு நொடி நின்றுவிட்டேன். அந்த நொடியில் செத்தேன்.

"கவர் எடுங்க ப்ரோ, மறைஞ்சு நில்லுங்க" என்றான் பெங்களூர்க்காரன் கூட்டி வந்த ஆபீஸ்காரன். நல்ல பையன். அவனுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை.

"குடுமியான்மலைக்குப் பின்னால போங்க" என்றேன்.

"எங்க ப்ரோ?"

"அந்தப் பாறை... அந்த..." சொல்லி முடிப்பதற்குள் அவனும் செத்தான்.

நானும் பெங்களூர்க்காரனும் ஒரு வார்த்தை நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. சந்தைப் பக்கம், மண்டபம், மேலே, கீழே. அவ்வளவுதான். பழைய பழக்கத்தில் நான் பொட்டலைத் தேடினேன். எங்கும் புல். எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆவூர்க்காரன் இரண்டு முறை விரலால் திரையைக் காட்டினான். அவன் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. முதல் சுற்றிலேயே வெளியேறினோம். மூவரில் அதிகம் செத்தது நான்.

ஹெட்செட்டில் பெங்களூர்க்காரன் மூச்சு விடுவது கேட்டது. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தணிவாக, "விடு மாப்ள, புல்லு போகப் போகப் பழகிரும்" என்றான்.

நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைத்த வேகத்தில் டீ டம்ளர் கவிழ்ந்தது. ஆவூர்க்காரன் துடைத்தான்.

அங்கேயே, அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அந்த விளையாட்டுக்கு என் கருத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் இலக்கணம் பார்க்கவில்லை. நான் புல் இல்லாமல் ஆடியது உண்மை, அதனால் எதிரியைப் பார்த்தது உண்மை, இன்று புல்லோடு ஆடிக் கேவலமாகத் தோற்றதும் உண்மை என்று எழுதினேன். ஒருவனிடம் இருப்பதெல்லாம் பொட்டல் தரை ஒன்றுதான் என்றால் அவன் அதை வைத்துத்தான் ஆட்டம் கற்றுக்கொள்வான், அதைப் பிடுங்கிவிட்டு அவனை ஆட்டக்காரனே இல்லை என்று சொல்லக் கூடாது என்று எழுதினேன். ஒரே புல் கொடுத்தவர்கள் ஒரே வேகத்தையும் கொடுக்கட்டும், நூற்றைம்பதுக்காரர்கள் எல்லோரையும் ஒரு வாரம் பதினாலில் ஆடவிடுங்கள், பிறகு நியாயம் பேசலாம் என்று எழுதினேன். கடைசியாக, நண்பன் சிரிக்க அனுப்பியதை எடுத்துச் சாட்சியாகப் போட்டவனும் இந்தப் பக்கத்தில் கருத்து எழுதியிருக்கிறான், அவனுக்குத்தான் நீங்கள் அதிகம் கைதட்டியிருக்கிறீர்கள் என்று முடித்தேன். கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தேன்.

ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. "நல்ல கார்டு வாங்கு." பத்து நிமிடத்தில் பெங்களூர்க்காரன் போன் வந்தது. ஆவூர்க்காரன் ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னையப் பத்தி எழுதிருக்க."

"பேரு போடலையே" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும்டா, நான்தான்னு! என் கருத்துக்குக் கீழயே வந்து அவனவன் எழுதுறான், துரோகிங்குறான்."

"பொய் எழுதுனனா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்கடா" என்றான் ஆவூர்க்காரன். "சின்னப் புள்ளைக மாதிரி. ரெண்டு பேரும் அழிச்சுப்புட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வேற ஏதாச்சும் ஆடுவோம். என் பொட்டிக்கும் ஒம் பொட்டிக்கும் ஒத்து வர்ற மாதிரி."

"அவன் மொதல்ல அழிக்கட்டும்" என்றான் பெங்களூர்க்காரன்.

"நீதான மொத எழுதுன? நீ அழி."

"நான் அழிச்சா நீ அழிக்க மாட்ட. ஒன்னைய எனக்குத் தெரியாது?"

"சரி" என்று ஆவூர்க்காரன் பெருமூச்சு விட்டான். "நான் மூணு எண்ணுறேன். மூணுன்னதும் ரெண்டு பேரும் அழிக்கணும். பொத்தான் மேல கைய வச்சுக்கங்க."

என் கருத்தின் ஓரத்தில் அழிக்கும் பொத்தான் இருந்தது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே பெங்களூரில் அவனும் அப்படித்தான் நிறுத்தியிருப்பான். ஒன்று என்றான் ஆவூர்க்காரன். இரண்டு என்றான். மூன்று என்றான்.

பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். அவனுடையது மேலே அப்படியே இருந்தது. கீழே என்னுடையதும் அப்படியே இருந்தது.